இருபது டிகிரி அறையும் திருவள்ளூர் மண்ணும்

சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் சாலை நாலு திசைக்கும் பிரிகிறது. கிழக்கே ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சென்னை, மேற்கே காஞ்சிபுரத்தைத் தொட்டுக்கொண்டு பெங்களூரு, தெற்கே வாலாஜாபாத், வடக்கே திருவள்ளூர். விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் இந்த இடத்தை நிறைத்துவிடும். போன், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். கொஞ்சம் தள்ளி ஒரகடத்தில் கார், லாரி, புல்லட், டயர். செய்யும் பொருள் எதுவானாலும் இந்தத் தொழிற்சாலைகளின் அடிப்படை வேலை ஒன்றுதான்: நேற்று வந்ததைப் போலவே இன்றைக்கும் வர வேண்டும், வேறு நாட்டில் வந்ததைப் போலவே இங்கும் வர வேண்டும்.

வடக்கே பிரியும் சாலையில் போனால் திருவள்ளூர். அந்த ஊரைச் சுற்றியுள்ள இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில் 1968ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரும் திருவள்ளூரும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். அதனால் உலக மருத்துவ நூல்களில் அதற்குச் செங்கல்பட்டு ஆய்வு என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஆய்வின் நோக்கமும் இதே கேள்விதான்: இங்கிலாந்தில் கிடைத்த பலன் இங்கும் கிடைக்குமா? கிடைக்கவில்லை. ஒரு விளைவை இன்னோர் இடத்தில் மீண்டும் வரவழைப்பது என்றால் என்ன என்பதை இந்த இரண்டையும், அதாவது சாலையோரத் தொழிற்சாலையையும் திருவள்ளூர் கிராமங்களையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும் என்று நினைக்கிறேன்.

தொழிற்சாலையிலிருந்து தொடங்குவோம்.

ஷிப்ட் ஆரம்பத்தில் மெஷினில் செட்டிங் முடிந்ததும் முதலில் வரும் பீஸை உடனே லைனுக்கு அனுப்பமாட்டார்கள். ஃபர்ஸ்ட் பீஸ் குவாலிட்டிக்குப் போகும். அங்கே அளந்து கையெழுத்தான பிறகுதான் உற்பத்தி ஓடும். அளப்பவர் கையில் இருக்கும் கருவியையும் அப்படியே நம்பிவிடுவதில்லை. கேஜ் ஆர் அண்ட் ஆர் என்றொரு சோதனை உண்டு. வழக்கமாகப் பத்து பீஸ்களை எடுத்து, மூன்று ஆட்களிடம் கொடுத்து, ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று முறை அளக்கச் சொல்வார்கள். எந்த பீஸை எப்போது அளக்கிறோம் என்று அளப்பவருக்குத் தெரியாதபடி வரிசையை மாற்றிக் கொடுப்பார்கள். ஒரே ஆள் ஒரே பீஸை மறுபடி அளந்தால் அதே எண் வருகிறதா என்பது முதல் ‘ஆர்’. ஆள் மாறினாலும் அதே எண் வருகிறதா என்பது இரண்டாவது. மொத்த வேறுபாட்டில் அளவையால் வரும் பங்கு பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கேஜ் நல்லது. முப்பதைத் தாண்டினால் அந்த கேஜை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. பல அறிவியல் ஆய்வகங்களில்கூட இவ்வளவு தெளிவாக இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துக் கேட்பதில்லை. வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஐ.டி.ஐ. முடித்து வந்த இருபது வயதுப் பையன் அதை வழக்கமாகவே செய்கிறான்.

அந்தப் பையன் வேலை செய்யும் அளவை அறைக்கு இன்னொரு விதி உண்டு: வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். இந்த எண் உலகம் முழுவதற்கும் பொது. 1931இல் சர்வதேச எடை, அளவைக் குழு ஏற்றுக்கொண்டது. ஒரு எஃகுத் துண்டின் நீளம் என்று வரைபடத்தில் எழுதியிருப்பது 20 டிகிரியில் அதற்கு இருக்கும் நீளம். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்குச் சுமார் பதினொன்றரை மைக்ரான் நீளும். ஸ்ரீபெரும்புதூரின் மே மாதப் பகலில் 40 டிகிரி வெயிலில் கிடந்த 100 மில்லிமீட்டர் எஃகுத் தண்டு, வரைபடத்தில் உள்ளதைவிட 23 மைக்ரான் கூடுதலாக இருக்கும். பேரிங் உட்காரும் இடத்தில் பத்து மைக்ரானுக்கே பீஸ் ரிஜெக்ட் ஆகும்போது இது பெரிய வித்தியாசம். ஆகவே ஜெர்மனியிலும் கொரியாவிலும் ஒரகடத்திலும் அளவை அறைக்குள் போனால் ஊர் எதுவென்று தெரியாது. ஒரே குளிர், ஒரே ஈரப்பதம். இன்டெல் நிறுவனம் தன் சிப் ஆலைகளில் இதை எல்லைவரை கொண்டுபோனது. ஓர் ஆலையில் சரியாக வந்ததை இன்னோர் ஆலைக்குக் கொண்டுபோகும்போது எது காரணம் என்று ஆராயாமல் கருவி, குழாய், செயல்முறை என்று அனைத்தையும் அப்படியே நகலெடுப்பது அவர்கள் கொள்கை.

தொழிற்சாலை மறுபடி மறுபடி ஒன்றையே வரவழைக்க முடிவதற்குக் காரணம் இதுதான்: அது இடத்தை அழித்துவிடுகிறது. வெயில், தூசி, தண்ணீரின் உப்பு, தொழிலாளியின் கைப்பழக்கம் எல்லாவற்றையும் சுவருக்கு வெளியே நிறுத்துகிறது. நிறுத்த முடியாததை அளந்து கழித்துவிடுகிறது. சுங்குவார்சத்திரத்தில் கோக்கப்பட்ட ஐபோனையும் சீனாவின் செங்சோவில் கோக்கப்பட்டதையும் வாங்குபவர் பிரித்தறிய முடியாது என்பது இந்த அழித்தலின் வெற்றி.

வயலில் இது நடக்காது. திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூர்குப்பத்தில் 1942 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். என்று தொடங்கும் ரகங்களெல்லாம் அங்கிருந்து வந்தவை. பெயரிலேயே ஊர் இருக்கிறது. அவற்றில் டி.கே.எம். 6 குருத்துப்பூச்சியைத் தாங்கும் ரகம். பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பெற்றோராக வைத்து ஐ.ஆர். 20ஐ உருவாக்கியது. தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு ஐ.ஆர். 20ஐ அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஒரு புது ரகம் நல்லதா என்று பார்க்க ஒரே ஒரு பாத்தியில் நட்டுப் பார்த்தால் போதாது. அந்தப் பாத்தியில் வண்டல் கூடுதலாக இருந்திருக்கலாம், வாய்க்கால் பக்கத்தில் இருந்திருக்கலாம். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1919 முதல் வேலை பார்த்த ரொனால்ட் ஃபிஷர் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு ரகத்தையும் பல பாத்திகளில், குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கி நட வேண்டும். அதே ரகம் பாத்திக்குப் பாத்தி எவ்வளவு மாறுகிறது என்பதே மண் செய்யும் வேறுபாட்டின் அளவு. அதைவிடப் பெரிய வித்தியாசம் ரகங்களுக்கிடையே இருந்தால்தான் பேசலாம். இன்றைக்கும் வேளாண்மைக் கல்லூரி மாணவர் மூன்று ரெப்ளிகேஷன், நாலு ரெப்ளிகேஷன் என்று சொல்வது இதைத்தான். தொழிற்சாலை வெளியே துரத்திய மண்ணை வயல் ஆராய்ச்சி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, உன் பங்கு எவ்வளவு என்று கேட்கிறது. அதன் பிறகும் ரகத்தை வெளியிட்டுவிடுவதில்லை. பல ஆராய்ச்சி நிலையங்களில் ஒரே சமயத்தில் நட்டுப் பார்க்கிறார்கள், பிறகு விவசாயிகளின் வயல்களிலேயே நட்டுப் பார்க்கிறார்கள். தஞ்சாவூரில் கொட்டிக் கொடுத்தது ராமநாதபுரத்தில் கருகிப்போனால் யாரும் முதல் ஆய்வைப் பொய் என்று சொல்வதில்லை. இந்த ரகம் இந்த மண்ணுக்கு என்று எழுதிவைத்துக்கொள்கிறார்கள்.

மருத்துவம் இந்தப் பாடத்தைத் தாமதமாகக் கற்றது. கற்ற இடம் திரூர்குப்பத்துக்கு அக்கம்பக்கம்.

காசநோய்க்கு இருக்கும் ஒரே தடுப்பூசி பி.சி.ஜி. பிரான்சின் லீல் நகரத்தில் ஆல்பர்ட் கால்மெட்டும் கமீல் கேரனும் மாட்டுக் காசநோய்க் கிருமி ஒன்றை 1908இல் வளர்க்கத் தொடங்கினார்கள். பித்தநீரும் கிளிசரினும் கலந்த உருளைக்கிழங்குத் துண்டின் மேல் கிருமி வளரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுத் துண்டுக்கு மாற்றுவார்கள். பதின்மூன்று ஆண்டுகள், 230 மாற்றல்கள். முதல் உலகப் போர் நடுவில் வந்து போனது, லீல் நகரம் ஜெர்மன் படையின் பிடியில் இருந்தது, வேலை நிற்கவில்லை. கடைசியில் கிருமி விலங்குகளில் நோயை உண்டாக்கும் திறனை இழந்திருந்தது. 1921இல் பாரிஸில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள்.

எப்படி இழந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள். ஒவ்வொரு முறை கிருமி இரண்டாகும்போதும் அத்தனையும் படியெடுக்கப்படும். ஆயிரம் கோடி எழுத்துகளைப் படியெடுத்தால் ஒன்றிரண்டு பிழை என்ற அளவுக்கு அந்த வேலை துல்லியமானது. எந்தத் தொழிற்சாலையும் கனவு காணாத துல்லியம். ஆனால் எப்போதாவது எழுத்து மாறுவதோடு நிற்காமல் பத்தியே விழுந்துவிடும். லீல் ஆய்வகத்தில் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் அப்படி ஒரு துண்டு விழுந்தது. நோயுண்டாக்குவதற்கு மிக முக்கியமான மரபணுக்கள் அதில் இருந்தன. உலகில் இன்றுவரை கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போடப்பட்ட தடுப்பூசி ஒரு படியெடுப்புப் பிழையின் விளைவு என்பதை நான் எப்போது நினைத்தாலும் வியப்பு குறைவதில்லை. கிருமி தன்னைச் சரியாகப் படியெடுத்திருந்தால் நமக்குத் தடுப்பூசி கிடைத்திருக்காது.

பிழை அங்கே நின்றுவிடவும் இல்லை. 1920களிலிருந்து பல நாட்டு ஆய்வகங்கள் பாரிஸிலிருந்து பி.சி.ஜி.யை வாங்கித் தத்தம் ஊரில் வளர்த்தன. உறைய வைத்து உலர்த்திப் பாதுகாக்கும் முறை பரவும்வரை கிருமியை உயிரோடு வைத்திருக்க ஒரே வழி மாற்றிக்கொண்டே இருப்பது. கோபன்ஹேகனில் ஒன்று, தோக்கியோவில் ஒன்று, பாரிஸிலேயே ஒன்று என்று வம்சங்கள் பிரிந்தன. பாரிஸ் வித்தின் பெயரில் 1173 என்ற எண் இருக்கிறது. அத்தனை மாற்றல்களைக் கடந்தது என்று பொருள். 1999இல் மார்செல் பேரும் உடன் ஆய்வாளர்களும் இந்த வம்சங்களின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, 1927க்கும் 1931க்கும் இடையில் பாரிஸ் ஆய்வகத்தில் இன்னொரு துண்டும் விழுந்திருப்பது தெரிந்தது. அதற்கு முன் வாங்கிப்போன ஊர்களில் அது இருக்கிறது, பின்னால் வாங்கிப்போன ஊர்களில் இல்லை. ஒரே பெயரில், ஒரே லேபிளில், வெவ்வேறு கிருமிகள். சென்னை கிண்டியில் 1948இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வகமும் இந்தப் பெரிய குடும்பத்தின் ஒரு கிளைதான்.

அதே 1948இல் மதனப்பள்ளியில் இந்தியாவின் பி.சி.ஜி. திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அது பெரும் இயக்கமாக வளர்ந்தது. 1955இல் ராஜாஜி அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். உயிருள்ள கிருமியை நலமாக இருக்கும் பிள்ளைகளுக்குப் பெருந்திரளாகச் செலுத்துவதை அவர் ஏற்கவில்லை. எதிர்த்தவரும் ஆதரித்தவர்களும் உறுதியாகப் பேசினார்கள். இந்த மண்ணில் பெரிய அளவில், ஒழுங்காக நடத்தப்பட்ட ஓர் ஆய்வு அப்போது இரு தரப்பு கையிலும் இல்லை.

அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் முதல் அறிக்கை வந்தது. லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர் பகுதிகளில் பள்ளி முடிக்கும் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஆய்வில் இருந்தார்கள். கோபன்ஹேகன் வம்சப் பி.சி.ஜி. போட்டவர்களிடம் காசநோய் நூற்றுக்கு எழுபதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்ட அளவு குறைந்தது. பலன் பல ஆண்டுகள் நீடித்தது. கேள்வி முடிந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள்.

ஆனால் அமெரிக்காவில் கதை வேறு. ஜார்ஜியா, அலபாமா பகுதிகளில் பலன் மிகக் குறைவு. புவேர்ட்டோ ரிக்கோவில் முப்பது சதவீதம் அளவு. முரணுக்கு இரண்டு விளக்கங்கள் எழுந்தன. உங்கள் தடுப்பூசி வீரியமற்றது என்று பிரிட்டனிலிருந்து சொன்னார்கள். வெப்பப் பகுதிகளின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் ஏராளம். அவை ஏற்கெனவே உடலுக்குள் போய் ஓரளவு எதிர்ப்பைக் கொடுத்துவிடுகின்றன, அதனால் பி.சி.ஜி.யின் பங்கு தெரிவதில்லை என்று அமெரிக்காவின் கரோல் பாமர் சொன்னார். தீர்ப்புக்கு ஒரு பெரிய ஆய்வு வேண்டியிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து அதைத் திருவள்ளூரில் நடத்தின.

ஆய்வின் கட்டமைப்பைப் பார்த்தால் அதைத் திட்டமிட்டவர்கள் மீது மரியாதை கூடுகிறது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு; மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். வீரியமற்ற தடுப்பூசி என்ற சாக்கு எழாமலிருக்க உலகில் அதிகம் பயன்பட்ட இரண்டு வம்சங்கள்: பாரிஸ் ஒன்று, கோபன்ஹேகன் ஒன்று. ஒவ்வொன்றிலும் முழு அளவு, பத்தில் ஒரு பங்கு அளவு. இவற்றோடு தடுப்பூசி இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவானது. போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. 1971வரை ஊசி போடும் வேலை நடந்தது. பிறகு இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே வண்டி ஊர் ஊராக வந்தது. படத்தில் சந்தேகம் இருந்தவர்களிடம் சளி வாங்கிக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள். களப்பணியாளர்கள் வரப்பிலும் ஏரிக்கரையிலும் சைக்கிள் மிதித்து, வேலைக்குப் போனவரை மாலையில் தேடிப் பிடித்து, ஆண்டுக்கணக்கில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கேஜ் ஆர் அண்ட் ஆர் பற்றிச் சொன்னேனே, அதே கட்டுப்பாட்டை லட்சக்கணக்கான மனிதர்கள் மீது, கூரை வீடுகளுக்கு நடுவே நடத்திக்காட்டிய வேலை இது.

ஏழரை ஆண்டுத் தொடர்கவனிப்பின் முடிவு 1979இல் வெளியானது. நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பி.சி.ஜி. எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. பாரிஸ் வம்சமும் தரவில்லை, பிரிட்டனில் பலன் தந்த அதே கோபன்ஹேகன் வம்சமும் தரவில்லை. முழு அளவிலும் இல்லை, குறைந்த அளவிலும் இல்லை. பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999இல் வந்தது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை; குழந்தைகளில் 27 சதவீதம் என்றது, அதுவும் உண்மையில் பூஜ்யமாக இருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு ஐயத்துக்கிடமான எண்.

அதிர்ச்சி பெரிது. ஆய்வில் எங்கோ தவறு என்றார்கள். தடுப்பூசி கெட்டுப்போயிருக்கும் என்றார்கள். வல்லுநர் குழுக்கள் உட்கார்ந்து அலசின. ஆய்வு தாக்குப்பிடித்தது. அப்படியானால் பிரிட்டிஷ் ஆய்வு தவறா? அதுவும் தாக்குப்பிடித்தது. இரண்டும் சரி, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். இந்த நிலைக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் பலர் செங்கல்பட்டைத் தோல்வி என்றே எழுதினார்கள். இன்றும் சில பாடநூல்களில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பிரிட்டிஷ் முடிவில் எழுதப்படாத ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது; அதை வெளியே கொண்டுவந்தது திருவள்ளூர்.

நிபந்தனை எது? முதல் சந்தேகம் பாமர் காட்டிய திசையில். ஆய்வின் தொடக்கத்தில் மக்களுக்கு இரண்டு வகைத் தோல் சோதனை செய்திருந்தார்கள். ஒன்று காசநோய்க் கிருமிக்கு, மற்றொன்று அதன் உறவுக்காரக் கிருமிக்கு. பதின்ம வயதைக் கடப்பதற்குள் பெரும்பாலானோர் அந்த உறவுக்காரக் கிருமியைச் சந்தித்துவிட்டது தெரிந்தது. 1994இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மைய ஆய்வாளர்கள் ஆய்வுப் பகுதியின் மண்ணையும் தண்ணீரையும் எடுத்துச் சோதித்தபோது அந்தக் கிருமிகள் பலவும் கிடைத்தன. ஈர மண்ணில் வெறுங்காலோடு நாற்று நடுபவருக்கும், ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைக்கும் பி.சி.ஜி.க்கு முன்பே இயற்கை ஓர் ஊசி போட்டுவிடுகிறது என்று சொல்லலாம். கினிப்பன்றிகளில் பாமர் செய்த சோதனையும் இதற்கு ஒத்துப்போனது. பின்னால் வந்த இன்னொரு கருத்து சற்று வேறு: முன்பே பழகிய உடல், பி.சி.ஜி. கிருமி உள்ளே வந்ததும் அது பெருகி வேலை செய்வதற்குள் அழித்துவிடுகிறது. முதல் கருத்துப்படி பி.சி.ஜி.யின் பலன் மறைந்திருக்கிறது, இரண்டாவதன்படி தடுக்கப்படுகிறது. மலாவி நாட்டு இளைஞர்களையும் பிரிட்டிஷ் இளைஞர்களையும் ஒப்பிட்டு 2002இல் வந்த ஆய்வு, தடுப்பூசிக்கு முன்பே மலாவியில் எதிர்வினை கூடுதலாகவும், தடுப்பூசியால் புதிதாகச் சேர்வது குறைவாகவும் இருப்பதைக் காட்டியது.

இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகள் கினிப்பன்றிகளில் பிரிட்டிஷ் கிருமிகளைவிட வீரியம் குறைந்தவை என்று 1960லேயே டெனிஸ் மிச்சிசன் குழு கண்டிருந்தது. காசநோய் மிகுந்த ஊரில் ஒருவர் பலமுறை தொற்றுக்கு ஆளாகிறார். முதல் தொற்றைத் தடுக்கும் ஊசி மூன்றாவது தொற்றைத் தடுக்காமல் போகலாம். 1994இல் கோல்டிட்ஸ் குழு எல்லா ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஊருக்கு ஊர் பலன் மாறுவதில் நாற்பது சதவீதம் அளவை ஒரே ஒரு எண்ணால் விளக்க முடிந்தது: நிலநடுக்கோட்டிலிருந்து அந்த ஊர் எவ்வளவு தூரம் என்ற அட்சரேகை. அட்சரேகை நோயைத் தடுக்காது. அதன் பின்னால் வெயில், ஈரம், மண், தண்ணீர், நெருக்கம் என்று எதுவெல்லாமோ ஒளிந்திருக்கின்றன. நெல் ஆராய்ச்சி நிலையத்தில் மேசைமேல் இருக்கும் விஷயம் இது. மருத்துவத்தில் அதைக் கண்டுபிடிக்க மூன்றரை லட்சம் பேர் தேவைப்பட்டார்கள்.

தொழுநோய்க்கு எதிராகவும் பி.சி.ஜி. கொஞ்சம் காக்கும். அதிலும் இதே விளையாட்டு: உகாண்டாவில் 80 சதவீதம், பர்மாவில் 20.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இடம்தான் காரணம் என்பது எந்த ஆய்வு பிசகினாலும் சொல்லித் தப்பிக்க வசதியான பதில். உளவியலில் 2015இல் நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதலில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வெற்றி. திரும்பச் செய்தபோது முப்பத்தாறுதான். ஆம்ஜென் மருந்து நிறுவன விஞ்ஞானிகள் புற்றுநோய் பற்றிய 53 முக்கிய ஆய்வுகளைத் திரும்பச் செய்து ஆறில் மட்டுமே அதே முடிவைப் பெற்றதாக 2012இல் எழுதினார்கள். எங்கள் ஊர் வேறு, உங்கள் ஊர் வேறு என்று இவற்றுக்கும் சொன்னார்கள். சிலவற்றுக்குப் பொருந்தலாம். பலவற்றில் முதல் முடிவே சிறு எண்ணிக்கையின் தற்செயல். வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இடம்தான் காரணம் என்பவர், இடத்தில் எது காரணம் என்று பெயர் சொல்ல வேண்டும், அதை அளந்து காட்ட வேண்டும், அடுத்த ஊரில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாமர் அதைச் செய்தார். திருவள்ளூர் முடிவு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எந்த மாதிரி ஊரில் பலன் குறையும் என்று சொல்லியிருந்தார்.

அளவு மீறி ஒத்துப்போவதும் அறிவியலில் கேள்விக்குரியது. தொழிற்சாலைக்காரர்களுக்கு இது விசித்திரமாகப்படும். 2018இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஒரு அறிக்கை வந்தது. தங்கத்தில் வெள்ளி நுண்துகள்களைப் பொதித்த பொருள், சாதாரண அழுத்தத்தில், மைனஸ் 37 டிகிரியிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது என்றது. உண்மையானால் மாபெரும் கண்டுபிடிப்பு. எம்.ஐ.டி.யில் இருந்த பிரயன் ஸ்கின்னர் வரைபடத்தைக் கூர்ந்து பார்த்தார். வெவ்வேறு காந்தப்புலத்தில் தனித்தனியாக எடுத்த இரண்டு அளவீடுகளில், கருவியின் இரைச்சலால் வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்தன. இரைச்சல் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாக விழ வேண்டியது. ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டு விரிவான தரவுகளோடு மறுபடி எழுதினார்கள். துறையின் பொது ஏற்பு இன்னும் அதற்குக் கிடைக்கவில்லை. தொழிற்சாலை எல்லாமே ஒத்துப்போக வேண்டும் என்கிறது. ஆய்வகத்துக்கு விளைவு ஒத்துப்போக வேண்டும், இரைச்சல் மாற வேண்டும். திருவள்ளூர் முடிவை நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்: வம்சத்துக்கு வம்சம், அளவுக்கு அளவு எண்கள் கொஞ்சம் முன்பின்னாக ஆடின, அந்த ஆட்டத்துக்கு நடுவே பதில் மட்டும் மாறாமல் நின்றது.

திருவள்ளூர் முடிவுக்குப் பிறகும் இந்தியா பிறந்த குழந்தைகளுக்குப் பி.சி.ஜி.யை நிறுத்தவில்லை. அது சரியான முடிவு. ஆய்வு அளந்தது சளியில் கிருமி தெரியும் நுரையீரல் காசநோயை. சிறு குழந்தைகளின் மூளைக்காய்ச்சலையும் உடலெங்கும் பரவும் காசநோயையும் அளக்கும்படி அது அமைக்கப்படவில்லை. அவற்றுக்கு எதிராகப் பி.சி.ஜி. நன்றாகவே காக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மண்ணோடும் தண்ணீரோடும் பழகும் முன்பே, பிறந்த சில நாட்களில் ஊசி போடுவது பாமரின் விளக்கத்தோடும் பொருந்திப்போகிறது. பி.சி.ஜி. வேலை செய்யுமா என்ற கேள்விக்கு யாருக்கு, எந்த வயதில், எந்த நோய்க்கு, எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது என்பதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்த இருநூற்றுச் சொச்சம் கிராமத்து மக்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

தடுப்பூசி செய்பவர்கள் பிறகு தொழிற்சாலையின் வழிக்கு வந்தார்கள். உறைய வைத்து உலர்த்திய வித்துகளிலிருந்து மட்டுமே தயாரிப்பது, ஒவ்வொரு படியையும் பதிவு செய்வது, அறையின் காற்றைக்கூட அளப்பது. 2008இல் கிண்டி ஆய்வகத்தின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது உற்பத்தி ஒழுங்கு பற்றிய இந்தக் கேள்வியில்தான். குப்பிக்குள் இருப்பதை உலகெங்கும் ஒன்றாக்க முடிகிறது. குப்பியைத் திறந்த பிறகு அது போய்ச் சேரும் உடலுக்கு 20 டிகிரி அறை கிடையாது.

2024இல் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில், காசநோய் ஆபத்து அதிகமுள்ள பெரியவர்களுக்குப் பி.சி.ஜி. போட்டுப் பார்க்கும் பெரிய முயற்சி தொடங்கியது. முதியவர்கள், நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், எடை குறைந்தவர்கள். 1979இல் இல்லை என்று வந்த பதிலை மறுபடி கேட்பது வீண்வேலை என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1968ஆம் ஆண்டின் திருவள்ளூர் இப்போது இல்லை. ஏரிப் பாசனம் சுருங்கியிருக்கிறது, வெறுங்கால்கள் குறைந்திருக்கின்றன, கேன் தண்ணீர் வந்துவிட்டது. சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் கம்பெனி விடுதி அறைகளில் தருமபுரியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் நெருக்கமாகத் தூங்குகிறார்கள். அவர்கள் எந்த மண்ணில் வளர்ந்தார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்பது அவர்கள் உடலில் பதிந்திருக்கிறது. ஊசி போட்ட தேதியையும் பேட்ச் எண்ணையும் எழுதும் அதே படிவத்தில் பிறந்த ஊர், பத்து வயதுவரை குடித்த தண்ணீர் கிணறா, ஏரியா, குழாயா என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். முடிவு எப்படி வந்தாலும், அடுத்த ஊரில் அதைத் திரும்பச் செய்பவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.